திருகோணமலையில் வீட்டுக்கு ஜெனரேட்டர்: கணக்குப் பார்ப்பது முதல் கயிறு இழுப்பது வரை

வீட்டுக்கு ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்குவதென்று தீர்மானித்துக் கடைகளில் ஏறி இறங்கியபோது எல்லா இடத்திலும் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, “எத்தனை கேவிஏ வேணும்?” (கேவிஏ என்பது ஜெனரேட்டரின் வலுவை அளக்கும் அலகு) என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கடைக்கே போனேன் என்று சொன்னால், அங்கே இருப்பதில் பெரியதைக் காட்டினார்கள். இயந்திரத்தை எங்கே வைப்பது, வீட்டு வயரிங்கோடு எப்படி இணைப்பது, ஒரு நாளுக்கு எவ்வளவு பெற்றோல் முடியும் என்பவற்றுக்குத் துண்டு துண்டாகவே பதில் கிடைத்தது. அந்தத் துண்டுகளைச் சேர்த்து, முதன்முறையாக வாங்கப்போகும் ஒருவருக்குப் பயன்படும் ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன். தனிக்கட்ட (சிங்கிள் பேஸ்) மின்னிணைப்புள்ள ஒரு சாதாரண வீட்டையும், 1 முதல் 5 கேவிஏ வரையான பெற்றோல் இயந்திரங்களையுமே மனதில் வைத்திருக்கிறேன்.

1. வாங்கும் மாதத்தைத் தீர்மானியுங்கள்

நமது பக்கத்தில் மழையும் காற்றும் ஐப்பசியில் தொடங்கித் தை வரை நிற்கும். புயல் அபாயம் நவம்பரிலும் டிசம்பரிலும் கூடுதலாக இருக்கும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. இத்தகைய எச்சரிக்கை வந்த பிறகு கடைக்குப் போனால் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றும் இராது. இருப்பதை, சொன்ன விலைக்கு வாங்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த வாரத்தில் எந்த எலெக்ட்ரீசியனும் கைக்குக் கிடைக்கமாட்டார் என்பது. ஆகவே மார்ச்சுக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் இயந்திரத்தை வாங்கி, செப்டெம்பர் முடிவதற்குள் வயரிங் வேலையை முடித்து, ஒரு தடவையாவது முழுச் சுமையோடு ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

2. தேவையைத் தாளில் எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. மின்சாரம் இல்லாதபோது உண்மையாகவே ஓட வேண்டிய பொருள்களை மட்டும் எழுதி, ஒவ்வொன்றின் வாட் அளவையும் அதன் பின்பக்கத்துத் தகட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டர் உள்ள பொருள்களுக்கு இரண்டு கணக்கு உண்டு: ஓடும்போது எடுப்பது ஒன்று, ஓடத் தொடங்கும் கணத்தில் எடுப்பது அதைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகலாம். பலருடைய கணக்கு பிழைப்பது இந்த இடத்தில்தான்.

ஒரு நடுத்தர வீட்டை எடுத்துக்கொள்வோம். குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது ஏறத்தாழ 150 வாட் எடுக்கும். அதன் கொம்பிரசர் உதைத்துத் தொடங்கும்போது 1,000 வாட் வரை போகலாம். மூன்று மின்விசிறிகளுக்கு 210, ஆறு எல்ஈடி விளக்குகளுக்கு 60, தொலைக்காட்சிக்கு 100, இணைய ரவுட்டருக்கு 15. இவை எல்லாம் சேர்ந்து ஓடும்போது 535 வாட்தான். குளிர்சாதனப் பெட்டி தொடங்கும் கணத்தில் 1,385 வாட். இதற்கு 3 கேவிஏ தேவையே இல்லை.

கணக்கைப் புரட்டிப்போடுவது கிணற்று மோட்டர். அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 600 வாட் அளவில் எடுத்தாலும், தொடங்கும்போது 1,800 வாட் கேட்கும். ஒரு குதிரைவலு என்றால் 3,000 வாட்டையும் தாண்டலாம். குழாய்நீர் ஒழுங்காக வரும் வீடுகளில் இதை மறந்துவிடலாம். கிணற்றை நம்பியிருக்கும் வீடுகளில் மறக்க முடியாது. ஆனால் மோட்டரை மற்றவற்றோடு சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மோட்டரை மட்டும் ஓட்டித் தாங்கியை நிரப்பி, அதன் பிறகு மற்றவற்றைப் போடும் பழக்கம் வந்துவிட்டால், மேலே சொன்ன வீட்டுக்கு, அரைக் குதிரைவலு மோட்டர் என்றால், 2 கிலோவாட் தொடர் வலு (இயந்திரம் இடைவிடாமல் தரக்கூடிய வலு) போதும். பழக்கத்தால் தீர்க்கக்கூடியதைப் பணத்தால் தீர்க்கத் தேவையில்லை.

சோற்றுக் குக்கர், கேத்தல், இஸ்திரிப்பெட்டி, சாதாரண ஏசி ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இன்சுலின் வைக்கும் பெட்டி, ஒட்சிசன் செறிவாக்கி போன்ற மருத்துவத் தேவைகள் இருந்தால் அவற்றைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தில் சிலருக்கு வேறொரு முடிவும் வரலாம். விளக்கு, இரண்டு விசிறி, ரவுட்டர், கைத்தொலைபேசி மட்டும்தான் தேவை, அதுவும் சில மணி நேரத்துக்கு என்றால், பற்றறியோடு கூடிய இன்வேர்ட்டர் ஒன்று சத்தமும் புகையும் இல்லாமல் அதைச் செய்துவிடும். குளிர்சாதனப் பெட்டியும் மோட்டரும் இரண்டு மூன்று நாள்களுக்கு ஓட வேண்டும் என்றால்தான் ஜெனரேட்டர் நியாயமாகிறது.

3. வகையையும் தகட்டையும் புரிந்துகொள்ளுங்கள்

இயந்திரத்தின் மீது பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கும் எண் பெரும்பாலும் உச்ச வலு. அதைச் சில விநாடிகளுக்கு மேல் தர முடியாது. பக்கத்துத் தகட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் தொடர் வலுவே உங்களுக்குரியது. எண் கேவிஏயில் மட்டும் இருந்தால், 0.8 ஆல் பெருக்கிப் பாதுகாப்பான பக்கத்தில் நின்று கணக்கிடுங்கள். 3 கேவிஏ என்பது 2.4 கிலோவாட். தகட்டில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டவையும் பழைய பொருளாக இங்கே வந்து சேர்வதுண்டு.

ஜெனரேட்டரில் சாதாரணம், இன்வேர்ட்டர் என்று இரண்டு வகை உண்டு; இந்த இன்வேர்ட்டர் மேலே சொன்ன பற்றறிச் சாதனம் அல்ல. சாதாரண வகையில், சுமை எவ்வளவானாலும் எஞ்சின் ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 3,000 சுற்றில், சுழன்றுகொண்டே இருக்கும். இன்வேர்ட்டர் வகையில் சுமைக்கேற்ப வேகம் குறைந்து கூடும்; ஆகவே குறைந்த சுமையில் பெற்றோலும் சத்தமும் குறைவு, வெளிவரும் மின்சாரமும் சீரானது. கணினி, இன்வேர்ட்டர் கொம்பிரசர் உள்ள புதிய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு அதுவே நல்லது. விலை கூடுதல், பழுதானால் அதன் மின்னணுப் பலகையைத் திருத்துவதும் எளிதல்ல. வீடுகள் நெருக்கமாக உள்ள நகரப் பகுதியில் இருந்தால் நான் இன்வேர்ட்டர் வகையைத்தான் சொல்வேன். நிலாவெளிப் பக்கம் பெரிய வளவும் கிணற்று மோட்டரும் உள்ளவருக்கு, தானியங்கி வோல்ட் சீராக்கி உள்ள சாதாரண வகை போதும். எண்ணெய் குறைந்தால் தானே நின்றுவிடும் வசதி எந்த வகையிலும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சத்த அளவை ஒப்பிடும்போது, அது எத்தனை மீற்றர் தூரத்தில், எவ்வளவு சுமையில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். 7 மீற்றரில் கால் சுமையில் எடுத்த எண்ணையும் முழுச் சுமையில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை.

4. கடையில் ஓட்டிப் பார்த்து, தாள்களைச் சரிபார்த்து எடுங்கள்

புதிய இயந்திரங்கள் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய் இல்லாமலே பெட்டியில் வரும். எண்ணெய் ஊற்றாமல் கயிற்றை இழுக்க எவரையும் விடாதீர்கள். எண்ணெய் அளவுகோலை வெளியே எடுத்து உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய இயந்திரம் என்றால், ஓட்டிக் காட்டுவதற்கு முன் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் தொடங்காத இயந்திரத்தை நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். அடுத்த நாள் காலையில் முதல் ஆளாகப் போய்க் குளிர்ந்த நிலையில் தொடங்கச் சொல்லுங்கள்.

தொடங்கியதும் ஒரு இஸ்திரிப்பெட்டியையோ கேத்தலையோ பொருத்தி, மல்டிமீற்றரால் வோல்ட் அளவைப் பாருங்கள். சுமை ஏறும்போது சற்றே தாழ்ந்து மீண்டும் 230க்கு அண்மையில் நிற்க வேண்டும். ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தால் அந்த இயந்திரம் வேண்டாம்.

விலை கேட்கும்போது 18 வீத வற் வரி அதனுள் அடங்குகிறதா என்று கேட்டு, எழுத்தில் விலைக்கூற்றுப் பெறுங்கள். பணம் கொடுத்த பிறகு கையில் இருக்க வேண்டியவை: மாதிரியின் பெயரும் தொடர் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டு, கடை முத்திரையும் திகதியும் இட்ட உத்தரவாத அட்டை, பயன்பாட்டுக் கைநூல். உத்தரவாதத்துக்கான திருத்த வேலை திருகோணமலையிலேயே நடக்குமா, கொழும்புக்கு அனுப்பப்படுமா, அனுப்பினால் போக்குவரத்துக் கூலி யாருடையது என்பதையும் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். “அதெல்லாம் பாத்துக்கொள்ளலாம்” என்ற வாய்ச்சொல் மழைக்காலத்தில் உதவாது. பற்றுச்சீட்டுத் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள். தகராறு முற்றினால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது.

பற்றுச்சீட்டின் ஒளிப்படம் ஒன்றைக் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கான்களில் பெற்றோல் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அப்படியொரு நிலை மீண்டும் வந்தால், இயந்திரம் உங்களுடையது என்று காட்டுவதற்கு அந்தத் தொடர் இலக்கம்தான் கையில் இருக்கும்.

5. வீட்டோடு இணைக்கும் வேலையை எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள்

இயந்திர விலையைத் தவிர, அதன் நான்கில் ஒரு பங்கையாவது இணைப்பு வேலைக்காகத் தனியே எடுத்து வையுங்கள். இதைச் சேர்த்து யோசிக்காதவர்கள்தான், இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரிலுள்ள பிளக் பொயின்ரிலும் செருகுகிறார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் உங்கள் மின்சாரம் மீற்றர் வழியாகத் தெருக் கம்பிக்குப் போகும். டிரான்ஸ்போமரில் அது பின்புறமாக ஏறும்போது உயர்ந்த வோல்ட்டாக மாறும். கம்பி செத்துக்கிடக்கிறது என்று நம்பி ஏறும் மின்சார சபை ஊழியர் அதிலே இறந்துபோகலாம். மெயினை அணைத்திருந்தாலும், சுவரிலிருந்து கழன்று விழும் பிளக்கின் வெறும் பித்தளை முனைகளில் 230 வோல்ட் இருக்கும். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

சரியான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மீற்றருக்கும் டிபி போட்டுக்கும் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டி) இடையில் பொருத்தப்படும் இதில் மூன்று நிலைகள் இருக்கும்: சபையின் மின்சாரம், நடுவில் எதுவும் இல்லை, ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் இணைவதற்கு வழியே இராது. தனிக்கட்ட வீட்டுக்கு லைனையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இருமுனை வகையைக் கேளுங்கள். வெளிச்சுவரில் மூடியுள்ள நீல நிற உள்ளீட்டுச் சொக்கற் ஒன்றைப் பொருத்தி, அதிலிருந்து சுவிட்சுக்குக் குழாய்க்குள் வயர் இழுக்க வேண்டும். ஜெனரேட்டரிலிருந்து சொக்கற் வரை வரும் இறப்பர் உறை வயர் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. 3 கேவிஏக்கு மேல் போனால் அதற்கேற்பத் தடிப்பை எலெக்ட்ரீசியன் கூட்ட வேண்டும். அதைச் சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள். சுருளுக்குள் சூடு ஏறி உறை உருகும்.

எலெக்ட்ரீசியனிடம் தவறாமல் கேட்க வேண்டிய ஒன்று: ஜெனரேட்டரில் ஓடும்போது வீட்டின் டிரிப் சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்துவது) வேலை செய்யுமா? பல சிறிய இயந்திரங்களில் நியூட்ரல் ஏர்த்தோடு இணைக்கப்படாமல் தனியே இருக்கும். அப்படியிருந்தால் ஆபத்தான கசிவு ஏற்பட்டாலும் டிரிப் சுவிட்ச் விழாது. உங்கள் இயந்திரத்தில் நியூட்ரலை ஏர்த்தோடு இணைக்கலாமா என்பதைக் கைநூலில் பார்த்து, இணைத்து, உடற்சட்டத்தையும் ஏர்த் கம்பியோடு சேர்த்து, பின்னர் சோதனைக் கருவியால் டிரிப் ஆகிறதா என்று அவர் காட்ட வேண்டும். டிரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுவது மட்டும் இதற்குப் போதாது. ஏர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். இதை விளங்காதவர்போல் உங்களைப் பார்ப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கூரையில் சூரியப் பலகை பொருத்தி சபைக்கு மின்சாரம் விற்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சபையின் மின்சாரம் நின்றால் அந்த இன்வேர்ட்டரும் தானாக நின்றுவிடும். அது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. ஆனால் ஜெனரேட்டரின் மின்சாரத்தைச் சபையின் மின்சாரம் என்று எண்ணி அது மீண்டும் எழுந்தால் இயந்திரமும் இன்வேர்ட்டரும் சேதப்படலாம். சூரிய இணைப்பு சேஞ்ச் ஓவருக்கு மீற்றர் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று கட்ட இணைப்புள்ள வீடுகளில், எல்லாக் கட்டங்களையும் ஒன்றாக முடிந்து தனிக்கட்ட ஜெனரேட்டரைக் கொடுத்தால் மூன்று கட்ட மோட்டர் எரியும். தேவையான ஒரு பகுதியை மட்டும் பிரித்து இணைப்பதே முறை.

6. இடம்: சுவரிலிருந்து 6 மீற்றருக்கு அப்பால்

பெற்றோல் எஞ்சினின் புகையில் காபன் மொனொக்சைட் உண்டு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. புகை நெடி அடிக்கவில்லை என்பதால் வாயு இல்லை என்று பொருளல்ல. விறாந்தை, கார் நிறுத்தும் கொட்டகை, குசினிப் பின்பக்கம், ஒரு பக்கம் திறந்த தாழ்வாரம் ஆகிய எதுவும் பாதுகாப்பான இடம் அல்ல. கதவுகளைத் திறந்து வைத்தாலும் அல்ல. குறைந்தது 6 மீற்றர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கும் அயல்வீட்டு ஜன்னலுக்கும் எதிர்ப்புறம் பார்க்க நிற்க வேண்டும்.

காற்றுக் கணக்கும் உண்டு. மழைக்காலத்து வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் வளவின் தென்மேற்குப் பக்கம் இயல்பாகப் பொருந்தும். ஆடி மாதக் கச்சானில் நிலைமை நேர்மாறு. ஆனால் காற்று வீட்டைத் தாண்டும்போது மறைவுப் பக்கத்தில் சுழன்று சுவரை நோக்கித் திரும்பும். ஆகவே திசை சரியென்று தூரத்தைக் குறைக்க வேண்டாம்.

இயந்திரத்தை வீட்டுக்குள் இழுக்க வைப்பது பெரும்பாலும் மழைதான். அதனால் மழைக்கு முன்பே ஒரு சிறு கூரை போடுங்கள்: நான்கு குழாய்க் கால்கள், மேலே தகரம், நான்கு பக்கமும் திறப்பு, கீழே வெள்ளம் ஏறாத உயரத்தில் சீமெந்து மேடை. கால்களைச் சீமெந்தில் ஊன்றி, தகரத்தைக் காற்றுக்குத் தூக்காதபடி போல்ட்டால் இறுக்குங்கள். மேடையில் ஒரு இரும்பு வளையத்தையும் பதித்துவிட்டால் சங்கிலி போட்டுப் பூட்டலாம். புயல் அடித்துக்கொண்டிருக்கும்போது ஜெனரேட்டரை ஓட்ட வேண்டியதில்லை. மூடிவைத்த குளிர்சாதனப் பெட்டி 4 மணி நேரம் குளிரைத் தாங்கும், நிறைந்த உறைபெட்டி 48 மணி நேரம் தாங்கும்.

காபன் மொனொக்சைட் அலாரம் கிடைத்தால் படுக்கையறைக்கு ஒன்று வாங்குங்கள். இயந்திரம் ஓடும்போது வீட்டில் எவருக்காவது தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால், எல்லோரையும் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 1990க்கு அழையுங்கள். உள்ளே நின்று காரணம் தேடாதீர்கள்.

7. எரிபொருளும் உண்மையான செலவும்

சாதாரண 2.5 முதல் 3 கேவிஏ இயந்திரம் பாதிச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 1 லீற்றர் குடிக்கும். 2 கேவிஏ இன்வேர்ட்டர் வகை குறைந்த சுமையில் அரை லீற்றர் அளவில் நிற்கும். பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சாதாரண வகையை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்ட 1,200 ரூபாய்; மூன்று நாளுக்கு 12 லீற்றர். இரவு முழுக்க விசிறிக்காக ஓட்டினால் அதே பெற்றோல் ஒன்றரை இரவில் முடிந்துவிடும். காலையில் 2 மணி நேரம், மாலையில் 2 மணி நேரம் என்று பிரித்து, அதற்குள் தண்ணீர் ஏற்றி, பெட்டியைக் குளிரவைத்து, எல்லாத் தொலைபேசிகளையும் சார்ஜ் செய்து முடிப்பதுதான் கட்டுப்படியாகும்.

பெற்றோலை அதற்கென்று செய்யப்பட்ட, மூடி இறுகும் கானில், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். தண்ணீர்ப் போத்தலில் வேண்டவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பழுதாகும். மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றித் தீர்த்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். ஓடும் இயந்திரத்துக்கும் சூடான இயந்திரத்துக்கும் எரிபொருள் ஊற்றக் கூடாது. நிறுத்திக் கால் மணி நேரமாவது பொறுங்கள்.

8. தொடங்கும் ஒழுங்கும் நிறுத்தும் ஒழுங்கும்

டிபி போட்டின் பிரேக்கர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கி, சேஞ்ச் ஓவரை நடு நிலைக்குக் கொண்டுவாருங்கள். எண்ணெய் பார்த்து, பெற்றோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்துக் கயிற்றால் தொடங்குங்கள். எஞ்சின் சீரானதும் சோக்கைத் தள்ளி, இரண்டு மூன்று நிமிடம் வெறுமனே ஓட விடுங்கள். பிறகு சேஞ்ச் ஓவரை ஜெனரேட்டருக்கு மாற்றி, தொடக்கச் சுமை பெரியதை முதலில், சிறியவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். நிறுத்தும்போது முதலில் சுமைகளை இறக்கி, சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துங்கள். முழுச் சுமையோடு பெற்றோல் தீர்ந்து நிற்கும்படி விடுவது குளிர்சாதனப் பெட்டிக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு.

இந்த ஒழுங்கை ஒரு தாளில் எழுதிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். கரண்ட் போகும் வேளையில் நீங்கள்தான் வீட்டில் இருப்பீர்கள் என்பதற்கு உறுதியில்லை. வீட்டில் இன்னொருவராவது கயிற்றை இழுத்துப் பழகியிருக்க வேண்டும்.

9. உப்புக்காற்றுக்கு எதிரான பராமரிப்பு

கண்டியில் பல வருடம் கிடக்கும் இயந்திரம் நமது கரையில் அதைவிட மிக விரைவில் உருக்குலைந்துவிடும். முதலில் போல்ட் தலைகளில் செம்மை படரும், பிறகு காபரேற்றரின் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், கடைசியில் சொக்கற் முனைகள் பச்சை பிடித்துச் சூடேறத் தொடங்கும். ஓட்டிய பின் நன்றாக ஆறவிட்டு, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த பிறகே உறை போடுங்கள்; சூட்டோடு பிளாஸ்ரிக் தாளால் மூடினால் உள்ளே வேர்த்து இன்னும் கெடும். இரும்புப் பகுதிகளில் துரு தடுக்கும் தெளிப்பானை இலேசாக அடிக்கலாம். மின்முனைகளில் அதற்குரிய தெளிப்பானை மட்டும் பயன்படுத்துங்கள்.

எண்ணெயை முதல் 20 மணி நேர ஓட்டத்தின் பின் ஒரு முறையும், அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். பெரும்பாலான இயந்திரங்களுக்கு 10டபிள்யூ-30 வகை பொருந்தும். கைநூல் வேறு சொன்னால் அதன்படி நடவுங்கள். மாதம் ஒரு தடவை, வெறுமனே அல்லாமல் ஏதாவது சுமை கொடுத்து 20 நிமிடம் ஓட்டுங்கள். நீண்ட காலம் நிறுத்தி வைப்பதென்றால் பெற்றோல் குழாயை மூடி, காபரேற்றரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை சுமையின்றி ஓடவிடுங்கள். பல மாதம் கழித்து வரும் “ஸ்ராட் ஆகுதில்லை” என்ற முறைப்பாடுகளில் பெரும்பகுதி அங்கே தேங்கிய பழைய பெற்றோலால் வருவதுதான்.

ஒரு ஸ்பார்க் பிளக், அதைக் கழற்றும் சாவி, இழுகயிறு, காற்று வடிகட்டி, ஒரு போத்தல் எண்ணெய் ஆகியவற்றை இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கி, தண்ணீர் புகாத பெட்டியில் போட்டு வையுங்கள். மழை நாளில் இவற்றுள் ஒன்றுக்காகக் கடை திறந்திருக்கிறதா என்று கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ ஒருவர் நகரத்துக்கு வர வேண்டியிருக்கும். வீதியில் வெள்ளம் இருந்தால் அதுவும் முடியாது.